பாலு கேப்டனாயிருந்த வருஷம்

அப்படி ஒரு வருஷம் வரவே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வராமல் போன ஒரு வருஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் பைத்தியம் பிடித்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நூறு வருஷத்துக்கு முந்தைய சீசன்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களின் கணக்கை அட்டைகளில் குறித்து, பகடை உருட்டி மறுபடியும் ஆடிப் பார்ப்பார்கள். இன்னார் அந்த அணியில் இருந்திருந்தால்? இன்ன தீர்மானம் தோற்றிருந்தால்? வேலைவெட்டி இல்லாதவர்கள் சமாச்சாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற பெயரைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

வாக்கர் கறுப்பர். 1884இல் டொலிடோ அணிக்கு கேட்சராக 42 ஆட்டங்கள் ஆடினார். பந்து எப்படி வரவேண்டும் என்று கேட்சர் விரலால் சாடை காட்டுவார், அதன்படி பிட்சர் எறிவார். அதுதான் அந்த ஆட்டத்தின் முறை. அந்த அணியின் பிட்சர் டோனி முல்லேன் என்ற வெள்ளையர், கறுப்பன் சாடைக்கு நான் எறிவதா என்று தன் இஷ்டத்துக்கு எறிந்தார். என்ன பந்து வரப்போகிறது என்று தெரியாமலே வாக்கர் பிடித்தார். நான் பந்து கொடுத்தவர்களிலேயே அருமையான கேட்சர் அவர்தான் என்று ரொம்ப வருஷம் கழித்து முல்லேனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன ஆகப்போகிறது? 1887 ஜூலையில், சிகாகோ அணியின் கேப் ஆன்சன் கறுப்பர் இருந்தால் களமிறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அதே நாளில், இன்டர்நேஷனல் லீக் முதலாளிகள் கூடி, இனிமேல் கறுப்பர்களோடு புதிய ஒப்பந்தம் போடுவதில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். அந்தக் கதவை மறுபடி ஜாக்கி ராபின்சன் திறக்க 1947 வரை ஆயிற்று. அறுபது வருஷம்.

நமக்கும் ஒரு சீசன் பாக்கி இருக்கிறது.

பல்வாங்கர் பாலு. பெயரைக் கேட்டால் நம்ம ஊர் பாலு மாதிரி இருக்கும். மராட்டியர். சமார், தோல் வேலை செய்கிற சாதி. பூனாவில் பார்சிகளின் மைதானத்தைப் பெருக்கி ரோலர் இழுப்பதற்கு மாசம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்பில் 4 ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, பிட்ச்சை உருட்டுவது, துரைமார் மட்டை பிடித்துப் பழக பந்து போடுவது எல்லாம் அவர் வேலை. இடது கைச் சுழல்பந்து. கிரேக் என்ற துரை, தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். இருக்கலாம். அந்தக் கிளப்பில் மணிக்கணக்காகப் பந்து போட்ட பாலுவுக்கு ஒருநாள்கூட மட்டை தரவில்லை.

துரைகளை ஜெயிக்கவேண்டும் என்ற வெறி பூனா இந்துக்களுக்கு. ஜெயிக்கிற கை சேரியில் இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். (பந்து தோல்தானே! செத்த மாட்டை உரிக்கிற சாதி என்று தள்ளிவைத்தவர்கள், அந்தத் தோல் உருண்டையை எச்சில் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள். தீட்டுக்கும் இடம் பொருள் உண்டு போலும்.) டீ இடைவேளையில் மற்றவர்கள் கூடாரத்துக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே, தூக்கிப் போடுகிற மண்குவளையில். சாப்பாட்டுக்குத் தனி மேஜை. இரட்டைக் குவளை டீக்கடையில் மட்டும் இருந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிறகு பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. 1906இல் இந்துக்கள் ஐரோப்பியர் அணியை 109 ரன்னில் தோற்கடித்தார்கள். பாலு எட்டு விக்கெட். 1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. கேப்டன் யாரென்றால் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், இருபது வயசுகூட நிறையாத பையன். பல மேட்சில் அவர் ஆடவே இல்லை. ராஜா ஜார்ஜின் முடிசூட்டு விழா, விருந்து, வேடிக்கை. பாலு ஆடினார். எல்லா ஆட்டத்தையும் சேர்த்து 114 விக்கெட். லெஸ்டர்ஷயரை அணி ஜெயித்த ஆட்டத்தில் மட்டும் 11. முதல்தர ஆட்டங்கள் 14இல் ஜெயித்ததே இரண்டுதான். மற்றொன்று சாமர்செட். அங்கே சதம் அடித்தவர் பாலுவின் தம்பி சிவராம். ஆக அந்தப் பயணத்தில் இந்தியா பேர்சொல்ல இருந்த வெற்றிகள் சமார் வீட்டுப் பிள்ளைகள் கொடுத்தவை. ஊர் திரும்பியதும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் பாலுவுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அதில் பங்கெடுத்த கல்லூரி மாணவர் ஒருவர், அம்பேத்கர். மகாராஜாவும் 1891இல் பிறந்தவர், அம்பேத்கரும் 1891.

இப்போது பகடையை உருட்டிப் பார்க்கலாம்.

1912ஆம் வருஷம் என்று வைத்துக்கொள்வோம். பார்சி, ஐரோப்பியர், இந்து அணிகளோடு முஸ்லிம் அணியும் சேர்ந்து நாலு தரப்புப் போட்டியாக மாறிய வருஷம். நிஜத்தில் அந்த வருஷங்களில் இந்து அணிக்குக் கேப்டனாக ஆனவர் எம்.டி.பாய். அவர் பிராமணர். இந்த மரியாதை மூத்தவரான பாலுவுக்குத்தான் போயிருக்கவேண்டும் என்று பாராட்டு மேடையிலேயே சொன்ன மனிதர் அவர். அந்த நேர்மையை மறைக்க வேண்டியதில்லை. அவர் சொன்னபடியே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாலு கேப்டன். டாஸ் போடப் போகிறார். எதிரே துரை. எட்டணாக் கணக்கு முடிந்து இப்போது கைகுலுக்க வேண்டும். கவர்னர் வந்தால் முதல் கை பாலுவின் கை. டீ இடைவேளையில் இரண்டு கேப்டன்களும் ஒரே மேஜை.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறே. கேப்டன் என்பவன் ஏவுகிறவன். நீ ஸ்லிப்புக்கு வா, நீ பின்னால் போ, உனக்கு இந்த ஓவர் கிடையாது, குனிந்து நில் என்று சொல்கிறவன். பத்து சாதி இந்துக்கள் வெயிலில் நின்று, ஒரு சமாரின் விரல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் நடக்கவேண்டும். நாலாயிரம் ஐயாயிரம் பேர் பார்க்க. டொலிடோவில் முல்லேன் ஏன் சாடையை மதிக்கவில்லை என்பதும் இங்கேதான் புரிகிறது. வேலைக்கு நம்ம கை வேணும். ஏவறதுக்கு நம்ம வாய் ஆகாது.

அந்த சீசனில் பாலு ஜெயிக்கவேண்டும் என்று நான் பகடையைத் திருகமாட்டேன். தோற்கட்டும். ஒரு மட்டமான கேப்டனாக இருந்து தோற்கட்டும். மகாராஜாவின் அணி இங்கிலாந்தில் 23 ஆட்டத்தில் 15 தோற்றது. அதனால் ராஜ வம்சத்துக்குக் கேப்டன் புத்தி கிடையாது என்று யாராவது எழுதினார்களா? நம்ம ஆள் ஒருத்தன் தோற்றால் மட்டும் சாதியே தோற்றதாகிவிடும். சும்மா தோற்க நமக்கு எப்போது விடுவார்கள்?

நிஜத்துக்கு வருவோம். வருஷா வருஷம் பாலுவின் பெயர் அடிபட்டு, வருஷா வருஷம் தள்ளுபடி ஆனது. 1920இல் பாய்க்கு உடம்பு சரியில்லை. இனி வேறு வழியில்லை என்று எல்லாரும் நினைத்தபோது, பாலுவை அணியிலிருந்தே நீக்கிவிட்டு, வயசிலும் அனுபவத்திலும் இளையவரான பூனா பிராமணர் தேவதரைக் கேப்டனாக்கினார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும் நாங்கள் ஆடமாட்டோம் என்று வெளியேறி அறிக்கை விட்டார்கள். திறமைக்கு இடமில்லை, சாதிதான் காரணம், சுயமரியாதையை விட்டு ஆடமுடியாது என்பது அதன் சாரம். இதை நான் வேலைநிறுத்தம் என்றே எழுதுவேன். பலன் இருந்தது. இறுதி ஆட்டத்துக்கு பாய் திரும்பி வந்தார், பாலு துணைக் கேப்டன், தம்பிகளும் சேர்ந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பாய் வெளியே போக, பாலு கொஞ்ச நேரம் கேப்டனாக நின்றார். அவருக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். 1923இல் விட்டல் கேப்டனானார். ஐரோப்பியரை ஜெயித்தார். இந்துக்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கு வயசாகிவிட்டிருந்தது.

அதே 1920இல் அமெரிக்காவில் ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பர், எங்களைச் சேர்க்காவிட்டால் போங்கள் என்று நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினார். தனி அணிகள், தனி லீக். கேப்டன், மேனேஜர், முதலாளிகளில் பெரும்பாலோர் கறுப்பர். கேப்டன் யார் என்ற சண்டையே அங்கே எழவில்லை.

தனியா, கூட்டா? இதைத்தானே 1932இலும் கேட்டார்கள். அம்பேத்கர் தனித்தொகுதி கேட்டு வாங்கினார். காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். எரவாடா எங்கே இருக்கிறது? பாலு மண்குவளையில் டீ குடித்த அதே பூனாவில். கூட்டுத் தொகுதிதான் வேண்டும் என்று எம்.சி.ராஜா ஏற்கெனவே மூஞ்சேயோடு ஒப்பந்தம் செய்திருந்தார். பாலு ராஜாவின் பக்கம். இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரின் பக்கம். ராஜாவும் சீனிவாசனும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஆட்கள். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும்வரை கும்மிடிப்பூண்டி, பொன்னேரி எல்லாம் அந்த மாவட்டம்தான். கடைசியில் செப்டம்பர் 24இல் எல்லாருமே பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பந்து பிடித்த பாலுவின் விரலும் அந்தத் தாளில் பேனா பிடித்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. சுமார் 2000 ஓட்டில் தோற்றார்.

பாலுவைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் நம்மில் உண்டு. நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். இப்போது சொல்ல வரவில்லை. பல வருஷம் அவர்களோடு ஒரே அணியில் ஆடியவர். வெளியே குடித்த டீ நாளடைவில் உள்ளே வந்ததைப் பார்த்தவர். தம்பி கேப்டனானதைப் பார்த்தவர். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் எல்லாம் மாறும் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. கேப்டன் பதவி ஒழுங்காக 1912இலேயே வந்திருந்தால் இந்த நம்பிக்கை கூடியிருக்குமா, இல்லை, ஏவிப் பார்த்தவன் என்பதால் அவனவன் முகம் தெரிந்து குறைந்திருக்குமா? என் பகடை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

எங்க சித்தப்பா மகன் ஒருத்தன். சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிச்சு, கண்ணில் அனலோடு வந்து, ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பந்தில் மேட்ச் ஆடுவான். எங்க காலனிக்குத் தனி டீம், ஊருக்குத் தனி டீம். பெட் மேட்ச் வந்தா ஊர்க்காரங்க பைக்கில் வந்து இவனைக் கூட்டிக்கினு போவாங்க. இவன் பந்து அப்படி. ஒருநாள் அந்த டீம் கேப்டன் வீட்டு வாசலில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் மோர். இவனுக்கு மட்டும் பேப்பர் கப். "கழுவற வேலை மிச்சம்பா"ன்னு சொன்னாங்களாம். பத்து டம்ளர் கழுவலாம், பதினொண்ணாவது கழுவ முடியாது.

பாலு கதையை அவனுக்குச் சொன்னேன். முழுசும் கேட்டான். மண்குவளை வந்த இடத்தில் சிரித்தான்.

"நூறு வருசமாச்சே அண்ணே. இன்னும் கப்பை மாத்திக்கினே இருக்கானுங்களா?"

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பிங்க ரெண்டு பேரு ஆடமாட்டேன்னு சொன்னாங்களே, அதுக்கு அண்ணங்காரரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு பைக் வந்தது. இவன் போகவில்லை. காலனிப் பசங்களை மேம்பாலத்துக்கு அந்தாண்ட வெட்டவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். டாஸ் போடக் காசு இல்லாமல் செருப்பைத் தூக்கிப் போட்டார்கள். யாரு கேப்டன் என்று அங்கேயும் ஒரு சண்டை. இவன்தான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "டேய், நீ அந்தாண்ட போ, நீ இன்னும் கிட்ட வா" என்று கத்திக்கொண்டிருந்தான்.