பெலம்கண்டா: ஐரிஸ் பேரினத்துக்குள் கரைந்த ஒரு மலபார்ப் பெயர்

வாள் போன்ற இலைகள் விசிறியாக விரிந்து நிற்கின்றன. அவற்றின் நடுவிலிருந்து எழும் தண்டில் செம்மஞ்சள் பூ. இதழெங்கும் குங்குமம் தெறித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள். இலையைக் கண்டவர் இதை ஐரிஸ் என்பார். பூவைக் கண்டவர் தயங்குவார். இந்தத் தயக்கம் தாவரவியலில் இரண்டரை நூற்றாண்டு நீடித்தது. இன்று ஐரிஸ் டொமெஸ்டிகா எனப்படும் இச்செடியின் உறவைப் பூவின் வடிவம் மறைத்தது, பிற இயல்புகள் உணர்த்தின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடையாளம்

வழக்கமான ஐரிஸ் பூவில் மூன்று இதழ்கள் நிமிர்ந்திருக்கும். மூன்று தாழ்ந்து விரியும். சூல்தண்டின் கிளைகளும் இதழ் போலவே அகன்றிருக்கும். இச்செடியிலோ ஆறு இதழ்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தட்டையாக விரிகின்றன, சூல்தண்டு மெலிந்தது. ஒரு பூவின் ஆயுள் ஒரே பகல். வாடும்போது அது உதிர்வதில்லை. பிழிந்த ஈரத்துணி போல முறுக்கிக்கொள்கிறது. காய் முற்றியதும் மேலோடு மூன்றாகப் பிளந்து பின்னால் சுருள, பளபளக்கும் கருவிதைகள் கொத்தாக ஒட்டி நிற்கின்றன. ஆங்கிலத்தில் இதைப் பிளாக்பெர்ரி லில்லி என்பது இக்கொத்தைப் பார்த்துத்தான்.

பெயர்களின் பயணம்

கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களின் துணையுடன் தொகுத்த ‘ஹோர்ட்டூஸ் மலபாரிகூஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் 11ஆம் தொகுதியில் இச்செடி ‘பெலம்கண்டா சுலர்மணி’ என்னும் மலபார்ப் பெயருடன் இடம்பெற்றது.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஒரே நூலில் இதற்கு இரண்டு பெயர்கள் சூட்டினார்: ஓரிடத்தில் இக்ஸியா சைனென்சிஸ், மற்றோரிடத்தில் ஆர்க்கிடுகளோடு சேர்த்து எபிடென்ட்ரம் டொமெஸ்டிகம். நாட்டு வழக்குப் பெயர்களை மதித்த பிரெஞ்சு அறிஞர் அடான்சன், 1763இல் பெலம்கண்டா என்பதையே பேரினப் பெயராக்கினார். மலபார் வைத்தியர் வாய்ச்சொல் அறிவியலில் நிலைபெற்றது அப்போதுதான்.

மறுபரிசீலனைக்கான ஒரு தடயம் கலப்பினத்திலிருந்து கிடைத்தது. ஐரிஸ் டைகோடோமா என்னும் ஆசியச் செடியோடு இது இணைந்து, வளமான விதை தரும் சந்ததியை ஈன்றது. முறுக்கிக்கொண்டு வாடும் இயல்பும் இரண்டுக்கும் பொது. மரபணு ஆய்வுகள் இரண்டையும் ஐரிஸ் பேரினத்துக்குள்ளேயே வைத்தன. அதை ஏற்று, தாவரவியலாளர்கள் கோல்ட்பிளாட்டும் மேபர்லியும் 2005இல் பெயரை மாற்றினர். ஐரிஸ் சைனென்சிஸ் என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு செடிக்கு இடப்பட்டிருந்ததால், லின்னேயஸின் மற்றொரு பெயரிலிருந்த ‘டொமெஸ்டிகா’ கைகொடுத்தது.

பூர்வீகம்

இமயமலை முதல் சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் வரையிலான நிலப்பரப்பே இதன் தாயகம். சீன மருத்துவத்தின் பழம்பெரும் நூலான ‘ஷென்னோங் பென்சாவோ ஜிங்’ இதன் கிழங்கை ‘ஷெகன்’ என்று குறிக்கிறது. தொண்டை நோய்க்கு அது இன்றும் வழங்குகிறது. ஜப்பானியர் இலையின் அமைப்பைக் கொண்டு, அரசவை விசிறியின் பெயரான ‘ஹியோகி’ என்பதையே இதற்கு இட்டனர். கியோட்டோவில் ஜூலை மாத கியோன் திருவிழாவின்போது வீடுகளில் இதை அழகுற வைக்கின்றனர். அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சன் 1807இல் தம் மாண்டிசெல்லோ தோட்டத்தில் இதைப் பயிரிட்டார். மலபாரும் தாயக எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே அங்கும் மனிதர் கைவழியாகவே இது வந்திருக்க வேண்டும் என்று கருதலாம். ‘வீட்டுக்குரியது’ என்னும் பொருள்தரும் டொமெஸ்டிகா, அவ்வகையில் பொருத்தமான பெயரே.

முடிவுரை

இதழ்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இது வேற்றினம். வாடும் விதத்தையும் கலக்கும் திறனையும் கவனித்தவர்களுக்கு இது ஐரிஸ். வகைப்பாடு திருந்தியது வரவேற்கத்தக்கது. ஆனால் அத்திருத்தத்தோடு 242 ஆண்டுகள் வழங்கிய மலபார்ப் பேரினப் பெயர் வழக்கிழந்தது. உறவைக் காட்டிக்கொடுத்த அந்தக் கலப்பினத்தைத் தோட்டக்காரர்கள் இன்றும் பார்டன்கண்டா என்கிறார்கள். பெலம்கண்டாவின் பின்பாதி அதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.