சக்கரப் பொருத்தம் (தானுந்து)

சக்கரப் பொருத்தம் என்பது, ஒரு தானுந்தில் அதன் சொந்தச் சக்கரங்களுக்குப் பதிலாக வேறு சக்கரங்களைப் பூட்டும்போது, அவை அவ்வண்டியின் ஹப், பிரேக்கு, சஸ்பென்ஷன், உடற்கூடு ஆகியவற்றோடு இசைந்து பாதுகாப்பாக இயங்குமா என்பதைக் குறிக்கும். ஒரே பெயருடைய வண்டியின் வேறோர் ஆண்டு வடிவத்திலிருந்து கழற்றப்பட்ட சக்கரங்களை வாங்கும்போது இக்கேள்வி பெரும்பாலும் எழுகிறது. வண்டியின் பெயரும் தோற்றமும் ஒன்றாக இருந்தாலும் சக்கரத்தின் அளவுகள் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. முற்றிலும் பொருந்தாத சக்கரத்தைப் பூட்டவே முடியாது. சிறிதளவே மாறுபட்ட சக்கரத்தையோ பூட்டிவிட முடியும். ஓடும்போது அது தளர்ந்து கழன்றுவிடக்கூடும். எனவே சிறு வேறுபாடுகளே கூடுதல் இடர் தருவன.

மாதிரி ஆண்டு

வட அமெரிக்காவில் தானுந்துகள் மாதிரி ஆண்டைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. இது நாட்காட்டி ஆண்டிலிருந்து வேறுபடலாம். 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்ட வண்டி 2005ஆம் ஆண்டு மாதிரியாக இருக்கலாம். அங்கு விற்கப்படும் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணில் பத்தாவது குறி மாதிரி ஆண்டைக் காட்டும். அது 4 எனில் 2004, 5 எனில் 2005 ஆகும்.

பொருத்தத்தைத் தீர்மானிக்கும் அளவுகள்

மரையாணி வட்டம்

சக்கரத்தைத் தாங்கும் மரையாணிகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் மரையாணி வட்டம் ஆகும். வழக்கில் இது பி.சி.டி. எனப்படும். 5×100 என்றால் ஐந்து மரையாணிகள், 100 மி.மீ. விட்டம் என்று பொருள். நான்கு மரையாணிகள் இருப்பின் எதிரெதிர் மையங்களின் தொலைவே விட்டம். ஐந்து இருப்பின் அவ்வாறு அளக்க இயலாது. அடுத்தடுத்த இரு மையங்களின் தொலைவை 1.7013 ஆல் பெருக்கினால் விட்டம் கிடைக்கும்.

- 5×100: அடுத்தடுத்த தொலைவு 58.78 மி.மீ.
- 5×112: அடுத்தடுத்த தொலைவு 65.83 மி.மீ.
- 5×114.3: அடுத்தடுத்த தொலைவு 67.18 மி.மீ.

பிந்திய இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு 1.35 மி.மீ. மட்டுமே. சாதாரண அளவு நாடாவால் இதனை உறுதியாகப் பிரித்தறிய முடியாது. வெர்னியர் அளவுகோல் தேவை. 5×112 சக்கரத்தை 5×114.3 ஹப்பில் இறுக்கினால் ஒவ்வொரு துளையும் 1.15 மி.மீ. விலகி நிற்கும். சுரைகள் தம் இருக்கையில் சரியாக அமராமல் மரையாணிகள் வளைவுத் தகைவுக்கு உள்ளாகும். அது நாளடைவில் சுரை தளர்வதற்கோ மரையாணி முறிவதற்கோ வழிவகுக்கும்.

நடுத்துளை

பல தானுந்துகளில் சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் நடுவிலுள்ள புடைப்பின் மீது நெருக்கமாக அமர்ந்து சக்கரத்தை மையப்படுத்துகிறது. துளை சிறியதாயின் சக்கரம் ஏறாது. பெரியதாயின் இடைவெளியை மையவளையம் கொண்டு நிரப்பலாம். அவ்வாறு செய்யாவிடில் சக்கரம் மையம் விலகி அமர்ந்து அதிர்வு உண்டாகலாம்.

பெயர்ச்சியும் அகலமும்

சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பைத் தொடும் முகம் எவ்வளவு தள்ளி உள்ளது என்பது பெயர்ச்சி, அதாவது ஆஃப்செட் ஆகும். முகம் வெளிப்புறமாகத் தள்ளி இருந்தால் அது நேர்ம அளவு. பல சக்கரங்களின் பின்புறத்தில் இது "ஈ.டி. 53" என்பது போலப் பொறிக்கப்பட்டிருக்கும். ஈ.டி. என்பது ஒரு செருமானியச் சொல்லின் சுருக்கம். அகலத்தில் பாதியுடன் பெயர்ச்சியைக் கூட்டினால் உட்புற நீட்சியும், கழித்தால் வெளிப்புற நீட்சியும் கிடைக்கும். பழைய, புதிய சக்கரங்களின் நீட்சிகளை ஒப்பிட்டால் புதியது சஸ்பென்ஷனை நோக்கியோ மட்காப்பை நோக்கியோ எவ்வளவு நகர்கிறது என்பது தெரியும்.

மரையும் இருக்கையும்

சுரையின் இருக்கை கூம்பு, கோளம், தட்டை ஆகிய வடிவங்களில் அமையலாம். கூம்புச் சுரையைக் கோள இருக்கையில் இறுக்கினால் தொடுபரப்பு குறைந்து பிடிப்பு நிலைக்காது. மரையின் அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஃபோர்டு மஸ்டாங் வண்டியில் 1994 முதல் மரையாணி வட்டம் 5×114.3 ஆகவே இருந்துவந்துள்ளது. எனினும் 2014 வரை அரை அங்குலமாக இருந்த மரையாணி 2015 மாதிரியில் 14 மி.மீ. ஆனது. எனவே பழைய சுரைகள் புதிய வண்டிக்கு உதவா.

எடுத்துக்காட்டு: சுபாரு இம்ப்ரெசா

வட அமெரிக்காவில் விற்கப்பட்ட சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்சு. எஸ்.டி.ஐ. வண்டியின் 2004 மாதிரியில் மரையாணி வட்டம் 5×100. அதே உடற்கூட்டுடன் வந்த 2005 மாதிரியில் அது 5×114.3 ஆனது. நடுத்துளை இரண்டிலும் 56.1 மி.மீ. வெளித்தோற்றத்தைக் கண்டு 2005 சக்கரத்தை வாங்கும் 2004 வண்டி உரிமையாளர் அதை நேரடியாகப் பூட்ட இயலாது.

மரையாணி வட்டம் ஒத்திருந்தாலும் பொருத்தம் உறுதியாவதில்லை. எஸ்.டி.ஐ. அல்லாத டபிள்யூ.ஆர்.எக்சு. வண்டியின் 2002ஆம் ஆண்டு மாதிரியில் 16 அங்குலச் சக்கரமும் 5×100 வட்டமும் இருந்தன. அச்சக்கரம் 2004 எஸ்.டி.ஐ.யின் மரையாணிகளில் ஏறினாலும், அங்குள்ள பெரிய பிரெம்போ பிரேக் காலிப்பரில் இடிக்கும்.

2004 எஸ்.டி.ஐ. சக்கரம் 7.5 அங்குல அகலமும், 2005 சக்கரம் 8 அங்குல அகலமும் கொண்டவை. பெயர்ச்சி இரண்டிற்கும் +53 மி.மீ. முன்னதன் உட்புற நீட்சி 148.25 மி.மீ., பின்னதன் நீட்சி 154.6 மி.மீ. அதாவது பின்னது உள்ளும் புறமும் 6.35 மி.மீ. கூடுதலாக நீள்கிறது. மரையாணி வட்டத்தை மாற்றித்தரும் இடைத்தட்டுகள் விற்கப்படுகின்றன. 25 மி.மீ. தடித்த தட்டைச் சேர்த்தால் பெயர்ச்சி +53 இலிருந்து +28 ஆகக் குறைந்து, சக்கரம் மட்காப்பை நெருங்கும்.

டயரும் அழுத்த உணரியும்

சக்கர விட்டம் மாறினாலும் டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ மாறாதிருக்க வேண்டும். இல்லையெனில் வேகமானி தவறாகக் காட்டும். 205/55 ஆர்16 டயரின் விட்டம் 631.9 மி.மீ., 225/45 ஆர்17 டயரின் விட்டம் 634.3 மி.மீ.; வேறுபாடு சுமார் 0.4 விழுக்காடு. நான்கு சக்கரங்களும் எப்போதும் இயக்கப்படும் வண்டிகளில் டயர்களின் சுற்றளவு தம்முள் வேறுபட்டால் நடு வேறுபாட்டுப் பல்லிணை சேதமடையலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் உருவாக்கப்படும் இலகு வண்டிகளில் டயர் அழுத்தக் கண்காணிப்பு கட்டாயமாகும். பல வண்டிகளில் இதற்கான உணரி சக்கரத்தினுள் உள்ளது. பழைய ஆண்டுச் சக்கரத்தைப் பூட்டுமுன், அதில் இந்த உணரியைப் பொருத்த இடமுண்டா என்று பார்க்கவேண்டும்.

சரிபார்க்கும் முறை

1. வண்டியின் மாதிரி ஆண்டையும் உட்பிரிவையும் அடையாள எண் கொண்டு உறுதிசெய்தல்.
2. சக்கரத்தின் பின்புறப் பொறிப்பிலிருந்து அகலம், விட்டம், பெயர்ச்சி, தாங்கும் சுமை ஆகியவற்றைக் குறித்தல். மரையாணி வட்டத்தையும் நடுத்துளையையும் அளத்தல்.
3. துரு நீக்கிய ஹப்பில், டயர் ஏற்றுமுன் வெறும் சக்கரத்தை வைத்துப் பார்த்தல். சக்கரம் ஹப்பின் முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டி அமரவேண்டும். சுரைகள் கையாலேயே எளிதில் ஏறவேண்டும்.
4. சக்கரத்தைக் கையால் சுழற்றி பிரேக் காலிப்பரில் உரசுகிறதா எனப் பார்த்தல். முன், பின் அச்சுகள் இரண்டிலும் இதைச் செய்யவேண்டும்.
5. டயர் ஏற்றிப் பூட்டியபின், வண்டியைத் தரையிறக்கித் திசைமாற்றியை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்தல்.
6. சுரைகளை எதிரெதிர் வரிசையில், முறுக்குவிசைத் திருகி கொண்டு, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குதல். சுமார் 80 முதல் 160 கி.மீ. ஓடியபின் மீண்டும் சரிபார்த்தல்.

மேற்கூறியவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தாவிடினும் அச்சக்கரம் அவ்வண்டிக்கு உரியதன்று. துளையைப் பெரிதாக்கியோ சுரையை வலிந்து இறுக்கியோ அதனைப் பொருத்தச் செய்தல் ஆகாது.

இவற்றையும் பார்க்க

- டயர்
- வட்டு பிரேக்கு
- மரையாணி
- முறுக்குவிசை