சோனிக் த ஹெட்ஜ்ஹாக் 2

சோனிக் த ஹெட்ஜ்ஹாக் 2 என்பது சேகா நிறுவனம் 1992 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தனது மெகா டிரைவ் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட நிகழ்பட விளையாட்டு ஆகும். வட அமெரிக்காவில் இக்கருவி ஜெனசிஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1991 இல் வெளியான சோனிக் த ஹெட்ஜ்ஹாக் விளையாட்டின் தொடர்ச்சியான இது, ஓடியும் தாவியும் தடைகளைக் கடக்கும் அதிரடி வகையைச் சார்ந்தது. முதல் விளையாட்டில் ஒருவர் மட்டுமே ஆட முடிந்தது. இதில் இருவர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். அவ்விருவருள் ஒருவர் சிறுவராகவோ புதியவராகவோ இருந்தாலும் மற்றவரின் ஆட்டம் கெடாதவாறு அமைக்கப்பட்டிருப்பது இதன் சிறப்பியல்பு ஆகும்.

கதை

சோனிக் மிக விரைவாக ஓடக்கூடிய நீலநிற முள்ளெலி. அதன் தோழன் டெயில்ஸ் இரண்டு வால்களைக் கொண்ட இளம் நரி. வால்களைச் சுழற்றிப் பறக்க வல்லது. டெயில்ஸ் என்பது பட்டப்பெயர். இயற்பெயர் மைல்ஸ் புரோவர் ஆகும். இது 'மணிக்கு இத்தனை மைல்' என்னும் ஆங்கிலத் தொடரின் ஒலியை ஒத்த சொல்விளையாட்டு ஆகும்.

மருத்துவர் எக்மேன் என்பவர் விலங்குகளைப் பிடித்து எந்திரங்களுக்குள் அடைக்கிறார். டெத் எக் என்னும் விண்வெளி ஆயுதத்தை இயக்குவதற்காக ஏழு மரகதங்களைத் தேடுகிறார். அவரைத் தடுப்பதே விளையாட்டின் நோக்கம். எதிரி எந்திரம் உடையும்போது குருதியோ இறப்போ காட்டப்படுவதில்லை. உள்ளே அடைபட்டிருந்த சிறு விலங்கு துள்ளி வெளியேறுகிறது.

விளையாடும் முறை

விளையாட்டில் 11 மண்டலங்கள் உள்ளன. முதல் ஏழு மண்டலங்களுக்கு இரண்டிரண்டு பகுதிகளும், மெட்ரோபொலிஸ் மண்டலத்திற்கு மூன்று பகுதிகளும், இறுதி மூன்று மண்டலங்களுக்கு ஒவ்வொரு பகுதியும் என மொத்தம் 20 பகுதிகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு பகுதியையும் 10 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும்.

வழியெங்கும் தங்க வளையங்கள் கிடக்கின்றன. கையில் ஒரு வளையமாவது இருக்கும்போது அடிபட்டால் வளையங்கள் சிதறுமேயன்றி உயிர் போகாது. சிதறியவற்றுள் சிலவற்றை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். வளையமே இல்லாதபோது அடிபட்டால் ஓர் உயிர் குறையும். 100 வளையங்கள் சேர்ந்தால் கூடுதல் உயிர் ஒன்று கிடைக்கும்.

ஸ்பின் டேஷ் என்னும் அசைவு இவ்விளையாட்டில்தான் அறிமுகமானது. கீழ்நோக்கிய திசையை அழுத்தியபடி தாவும் பொத்தானைத் தட்டினால் சோனிக் நின்ற இடத்திலேயே சுழன்று விசையேறும். திசையை விட்டதும் முன்னோக்கிப் பாயும். முதல் விளையாட்டில் ஒரு மேட்டை ஏறுவதற்குப் பின்னே சென்று ஓடிவர வேண்டியிருந்தது. இவ்வசைவால் அத்தேவை நீங்கியது.

50 வளையங்களுடன் இடைநிலைக் கம்பத்தைத் தொட்டு, அங்குத் தோன்றும் விண்மீன்களுள் தாவினால் சிறப்புக் கட்டம் தொடங்கும். அரைக்குழாய் வடிவப் பாதையில் குண்டுகளைத் தவிர்த்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் வளையங்களைச் சேர்த்தால் ஒரு மரகதம் கிடைக்கும். ஏழு மரகதங்களையும் பெற்றவர் 50 வளையங்களுடன் தாவும்போது சோனிக் பொன்னிறச் சூப்பர் சோனிக்காக மாறும். அந்நிலையில் நொடிக்கு ஒரு வளையம் வீதம் செலவாகும். எதிரிகளால் தாக்க முடியாதெனினும், பள்ளத்தில் வீழ்ந்தால் உயிர் போகும்.

இறுதி மண்டலமான டெத் எக்கில் வளையங்களே இல்லை. இரண்டு எந்திரங்களை அடுத்தடுத்து, ஒருமுறைகூட அடிபடாமல் வெல்ல வேண்டும். முதலாவதற்கு 8 அடிகளும் இரண்டாவதற்கு 12 அடிகளும் தேவை. ஆட்டநிலையைச் சேமிக்கும் வசதி மூல வெளியீட்டில் இல்லாததால் ஒரே அமர்வில் முழுவதையும் முடிக்க வேண்டியிருந்தது.

இருவர் ஆடுதல்

இரண்டாவது கட்டுப்படுத்தியைக் கையிலெடுத்து அழுத்தியவுடன், அதுவரை கணினியால் இயக்கப்பட்ட டெயில்ஸ் இரண்டாமவரின் ஆணைக்கு உட்படும். அவர் சிறிது நேரம் எதையும் அழுத்தாவிட்டால் கணினியே மீண்டும் இயக்கும். எனவே ஆட்டத்தை நிறுத்தாமலேயே ஒருவர் சேரவும் விலகவும் முடியும்.

டெயில்ஸ் எடுக்கும் வளையங்கள் சோனிக்கின் கணக்கில் சேரும். டெயில்ஸ் அடிபட்டாலோ வீழ்ந்தாலோ உயிர்களும் வளையங்களும் குறையா; சற்று நேரத்தில் அது பறந்து வந்து மீண்டும் சேர்ந்துகொள்ளும். மண்டலத் தலைவனான எந்திரத்தை சோனிக் விலகி நிற்க டெயில்ஸ் மட்டுமே அடித்து வீழ்த்தவும் இயலும். இதனால் திறன் குறைந்த இளையவர் அச்சமின்றி முயல முடிகிறது. மூத்தவருக்கும் அவரால் இழப்பு நேர்வதில்லை.

இம்முறைக்குக் குறைபாடுகளும் உண்டு. திரை எப்போதும் சோனிக்கையே பின்தொடர்வதால், விரைந்து ஓடும்போது டெயில்ஸ் பின்தங்கி மறைந்துவிடும். சிறப்புக் கட்டத்தில் கணினி இயக்கும் டெயில்ஸ் சற்றுத் தாமதமாகத் திரும்புவதால் குண்டுகளில் மோதி, தான் சேர்த்த வளையங்களை இழப்பது வழக்கம். இதை விரும்பாதோர் விருப்பத் தேர்வுகளில் சோனிக்கை மட்டும் தெரிவு செய்யலாம்.

போட்டியாக ஆடுவதற்குத் திரை மேல் கீழாக இரண்டாகப் பிரிக்கப்படும். எமரால்ட் ஹில், கேசினோ நைட், மிஸ்டிக் கேவ் ஆகிய மூன்று மண்டலங்களிலும் சிறப்புக் கட்டத்திலும் இவ்வாறு ஆடலாம். மண்டலங்களில் நேரம் மட்டுமன்றி புள்ளிகள், இறுதியில் கையிலுள்ள வளையங்கள், எடுத்த மொத்த வளையங்கள், உடைத்த பெட்டிகள் ஆகியனவும் ஒப்பிடப்படுவதால் மெதுவாக ஓடியவரும் வெல்ல வாய்ப்புண்டு.

உருவாக்கம்

இவ்விளையாட்டு கலிபோர்னியாவில் மார்க் செர்னி நிறுவிய சேகா டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டில் உருவாக்கப்பட்டது. சப்பானியர்களான நிரலாளர் யூஜி நாக்கா, வடிவமைப்பாளர் ஹிரோகாசு யாசுஹாரா ஆகியோர் அமெரிக்கக் கலைஞர்களுடன் இணைந்து பணியாற்றினர். டெயில்ஸை வரைந்தவர் யாசுஷி யாமகுச்சி. முதல் விளையாட்டுக்கு இசையமைத்த மசாட்டோ நாகமுராவே இதற்கும் இசையமைத்தார். ஹிடன் பேலஸ் என்னும் மண்டலம் முழுமை பெறாமல் நீக்கப்பட்டது.

வெளியீடும் பின்னரும்

சப்பானில் நவம்பர் 21 அன்றும், வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நவம்பர் 24 அன்றும் விளையாட்டு வெளியானது. பிந்தைய நாள் செவ்வாய்க்கிழமை. அக்கிழமையின் ஆங்கிலப் பெயரின் முதலசை 'இரண்டு' என்னும் ஆங்கிலச் சொல்லைப் போல் ஒலிப்பதைக் கொண்டு சேகா விளம்பரம் செய்தது. 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

2013 இல் கிறிஸ்டியன் வைட்ஹெட், சைமன் தாம்லி ஆகியோர் கைபேசிகளுக்காக இதனை மறுவுருவாக்கம் செய்தபோது ஹிடன் பேலஸ் மண்டலத்தை நிறைவு செய்து சேர்த்தனர். 2022 இல் வெளியான சோனிக் ஆரிஜின்ஸ் தொகுப்பிலும் இவ்விளையாட்டு இடம்பெற்றது.