மைத்துளியும் வண்ணத்தின் ஆயுளும்

இல்லத்து மேஜைமீது வைத்து வண்ணப் புகைப்படங்களை அச்சிட்டுக்கொள்ளத் தக்க இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றை வாங்கச் செல்வோரிடம் கடைக்காரர் முதற்கண் எடுத்துரைப்பது, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, நிமிஷத்துக்கு எத்தனை தாள் என்னும் கணக்கேயாகும். அக்கணக்கு பொய்யன்று, ஆயினும் இச்சாதனத்தின் சரித்திரத்தை ஆதியிலிருந்து நோக்குவோர்க்கு, படத்தின் அழகையும் ஆயுளையும் ஒருங்கே நிர்ணயிப்பவை மையின் சுபாவமும் அதை ஏற்கும் தாளின் சுபாவமுமே என்பதும், அவ்வுண்மையை உற்பத்தியாளரும் கலைஞரும் நஷ்டப்பட்டே கற்றனர் என்பதும் நன்கு விளங்கும்.

திரவத்தின் தாரை தனித்தனித் துளிகளாக உடைவதற்குரிய காரணத்தை ராலே பிரபு 1878ஆம் ஆண்டிலேயே கணித முறையில் ஆராய்ந்து விளக்கியிருந்தார். எனினும், அத்தாரையைக் கொண்டு தாளில் வரையலாம் என்னும் எண்ணம் காரியரூபம் பெற ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன. அதுவும் வைத்தியத் துறையின் பொருட்டே நிகழ்ந்தது. மனித உடலினுள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரைப் பின்னாளில் அமைத்தவரான ஸ்வீடன் தேசத்து ரூனே எல்ம்க்விஸ்ட், இருதயத் துடிப்பு முதலியவற்றின் போக்கைத் தாளில் பதிப்பதற்கென மெல்லிய மைத்தாரை ஒன்றை வகுத்தார். 1951இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

வேண்டியபோது மட்டும் துளியை உமிழச் செய்யும் வித்தை பின்னரே கைவந்தது. 1977இல் ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்பார் பணியாற்றிக்கொண்டிருக்கையில், சூடேறிய சால்டரிங் அயர்ன் மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டு, ஊசி முனையினின்று மை தெறித்தது. வெப்பத்தால் எழும் ஆவிக்குமிழ் மையை வெளியே தள்ளும் என்னும் இத்தத்துவத்தையே, ஏறக்குறைய அதே காலத்தில், கலிபோர்னியாவில் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தாரும் தனியே கண்டனர். அவர்கள் 1984இல் வெளியிட்ட திங்க்ஜெட் பன்னிரண்டு துவாரங்களும் அங்குலத்துக்கு 96 புள்ளிகளும் உடையது. எழுத்துக்கு அது போதும், முகத்துக்குப் போதாது. எப்சன் நிறுவனத்தார் வெப்பத்தை விடுத்து, மின்னழுத்தம் பட்டால் வடிவம் மாறும் பீஸோ பொருளைக் கொண்டு மையை அழுத்தி உமிழச் செய்து, 1994இல் அங்குலத்துக்கு 720 புள்ளி இடும் வண்ணப் பிரிண்டரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அப்போதும் குழந்தையின் கன்னத்திலும் வெளிர்வானத்திலும் அடர்ந்த நிறப் புள்ளிகள் தூவியவைபோல் கண்ணுக்குத் தென்பட்டமையால், வழக்கமான நான்கு மைகளோடு வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும் சேர்ந்த ஆறு மை ஏற்பாடு அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. வீட்டில் அச்சிட்ட படம் ஸ்டூடியோப் படத்தோடு ஒப்பிடத்தக்கதாக ஆனது அது முதற்கொண்டே எனலாம்.

இதற்கு முன்பே கலைஞர் சிலர் வேறு மார்க்கத்தில் முயன்றிருந்தனர். பாடகரும் புகைப்படக் கலைஞருமான கிரஹாம் நாஷ், 1,26,000 டாலர் விலையுள்ள ஐரிஸ் 3047 என்னும் பெரிய பிரிண்டரை வாங்கி, கனத்த ஓவியத் தாளை ஏற்குமாறு அதைத் திருத்தியமைத்து, மேக் ஹோல்பர்ட் என்பாரோடு சேர்ந்து 1991இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் என்னும் அச்சுக்கூடத்தை நிறுவினார். படங்கள் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் அவ்வியந்திரமோ, அச்சகத்தார் பத்திரிகைப் பக்கங்களை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளும் மாதிரித் தாள்களுக்காகப் படைக்கப்பட்டது. வேலை முடிந்ததும் கழிக்கப்படும் தாளுக்கு நீடித்த மை எதற்கு என்று அதன் மை தயாரிக்கப்பட்டிருந்தமையால், சுவரில் தொங்கிய ஆரம்பகாலப் படங்கள் சில ஆண்டுகளிலேயே வெளிறின. வண்ணப் படங்களின் ஆயுளை ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஹென்ரி வில்ஹெல்ம் முதலியோரின் சோதனைகள் இத்தொழிலில் பெருமதிப்புப் பெற்றது இக்காலத்திலேதான்.

2000ஆம் ஆண்டில் அதே பாடம் இல்லங்களுக்கும் வந்தது. அவ்வாண்டு வெளியான சில சாய மைப் பிரிண்டர்களில், நுண்துளைப் பூச்சுடைய தாளில் அச்சிட்ட படங்கள், கண்ணாடியின்றி வைக்கப்பட்டபோது சில வாரங்களுக்குள்ளாகவே செம்மஞ்சளாக மாறின. காற்றிலுள்ள ஓசோன் அப்பூச்சின் துளைகள் வழியே புகுந்து நீலச் சாயத்தைச் சிதைத்ததே காரணம். விரைவில் உலரவேண்டுமென்று செய்த துளைகளே வினையாக முடிந்தன. சாயம் மையில் முற்றக் கரைந்திருப்பது. ஆதலின் பளிச்சென்று தோன்றும், எளிதில் அழியும். நிறமியோ கரையாத நுண்துகளாக மிதப்பது. ஒளியையும் காற்றையும் நெடுநாள் தாங்கும். அதே ஆண்டில் எப்சன் வெளியிட்ட 2000பி என்னும் நிறமி மைப் பிரிண்டரில் ஆயுள் குறை தீர்ந்தது. ஆனால் விளக்கொளியில் சரியாகத் தோன்றிய படம் பகலொளியில் பசுமை பூத்தது. 2002இல் வெளிர்கறுப்பையும் சேர்த்து ஏழு மைகளுடன் வந்த அடுத்த தலைமுறையில் அக்குறையும் பெரிதும் நீங்கிற்று.

எஞ்சியது செலவு. கார்ட்ரிட்ஜ் விலையைத் தாங்கமாட்டாத பலர், பிரிண்டரின் பக்கத்தில் மைப்புட்டிகளை வைத்துக் குழாய் இழுத்துக்கொள்ளும் உபாயத்தைக் கையாளவே, அவ்வழக்கத்தையே ஏற்று, மைத்தொட்டியுடன் கூடிய பிரிண்டரை எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் முதன்முதல் விற்றது. பின்னர் வந்த ஆறு மைத்தொட்டி கொண்ட எல்800 வகை, நம் ஊர்ச் சிறு ஸ்டூடியோக்களிலும் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடைகளிலும் சர்வசாதாரணமாயிற்று.

ஆகவே வாங்குபவர் மையைப்பற்றியே முதலில் வினவுதல் உசிதம். ஆல்பத்தில் மூடிவைக்கும் படங்களே அதிகமெனில், ஆறு சாய மை கொண்ட தொட்டிப் பிரிண்டர் சிக்கனமும் அழகும் உடையது. சுவரில் மாட்டவும் சந்ததிக்கு வைக்கவும் விரும்புபவர், விலை கூடினும் நிறமி மையையே நாடவேண்டும். எவ்வகையாயினும், மையும் தாளும் ஒன்றுக்கொன்று பொருந்தியவை என்று தயாரிப்பாளர் கூறும் ஜோடியை மாற்றாதிருத்தல் நலம். வாரம் ஒருமுறையேனும் ஒரு வண்ணப் பக்கம் அச்சிடாவிட்டால் துவாரங்களில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும். அதைத் துடைத்தெடுக்கும் சுத்திகரிப்பு ஒவ்வொன்றும் மையையே விழுங்கும். பண்டிகைக்குப் பண்டிகை நாலு படம் மட்டும் வேண்டுபவர், பிரிண்டர் வாங்கும் பணத்தை மிச்சம் பிடித்து ஸ்டூடியோவில் கொடுத்துப் போட்டுக்கொள்வதே விவேகம்.