நம்மட ஊர் கெசட்டுகளுக்குள் இருக்கும் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள், முக்கியமாக 50 வயதைத் தாண்டிய காக்காமாரும் மாமாமாரும் வாசியுங்கள். உங்களிடம் கேட்க ஒரு விசயம் கடைசியில் இருக்கிறது.

மன்னார் வரலாறு என்றால் நமக்கு முத்துக்குளிப்பு, அரிப்புக் கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார் கப்பல், 1990 வெளியேற்றம் என்று ஒரு வரிசை மனப்பாடம். அது எல்லாம் சரி. ஆனால் 1970களின் கடைசியிலும் 80களிலும் நம்மட ஊர்ப் பொடியன்மார் எதைக் கேட்டார்கள், எதைச் சேர்த்து வைத்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. கெசட்.

கெசட் பிறந்த கதையில் இருந்து தொடங்குவோம். நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பனியில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியியலாளரின் குழு செய்தது. 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். அதற்கு முதல் இசைத்தட்டு இருந்தது. இசைத்தட்டில் கம்பனி பதிந்ததைத்தான் கேட்கலாம், நாம் ஒன்றும் பதிய முடியாது. கெசட் அந்த அதிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. யாருடைய பாட்டு, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, இதையெல்லாம் கேட்பவனே தீர்மானிக்கலாம்.

நம்மட பகுதிக்கு அது பெருமளவில் வந்தது வளைகுடாப் பயணத்தோடு. 70களின் பிற்பகுதியில் இருந்து சவூதி, குவைத், டுபாய் என்று ஆட்கள் போகத் தொடங்கினார்கள். திரும்பி வரும்போது அத்தர், போர்வை, அதோடு ஒரு நஷனல் பனசோனிக் ரேடியோ கெசட். வசதியானவர் என்றால் இரண்டு கெசட் போடும் டபிள் டெக். ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதியலாம். ஒரு வீட்டுக்கு டபிள் டெக் வந்தால் அந்த வீட்டுத் திண்ணையில் பின்னேரம் இடம் கிடைக்காது என்று மூத்தவர்கள் இப்போதும் சிரித்துச் சொல்வார்கள்.

அந்தக் காலத்துப் பொடியன்மாருக்குப் பைத்தியமாக இருந்த பாண்ட் எது என்று நாங்கள் பலரிடம் கேட்டோம். சிலர் அபா என்றார்கள். சிலர் நம்மட நாட்டு ஜிப்ஸீஸ் என்றார்கள். சிலர் சிலோன் மனோகரின் சுராங்கனி, நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியே என்று தமிழ்ப் பொப்பைச் சொன்னார்கள். ஆனால் அதிகம் பேர் சொன்ன பெயர் பொனி எம். அது ஜேர்மனியில் பிராங்க் பாரியன் என்ற தயாரிப்பாளர் உருவாக்கிய குழு. மேடையில் நின்ற நாலு பேரும் கரீபியன் தீவுகளைச் சேர்ந்தவர்கள். ‘டாடி கூல்’ 1976, ‘மா பேக்கர்’ 1977, ‘ரஸ்புடின்’ 1978. இங்கிலீஷ் விளங்காதவரும் அந்தத் தாளத்துக்குக் கால் ஆட்டினார்கள். ரொக் என்றாலும் டிஸ்கோ என்றாலும் நம்மட ஆட்களுக்கு எல்லாம் ‘இங்கிலீஷ் பாட்டு’தான்.

சொந்தமாக ஒரு கெசட் செய்வது லேசான வேலை இல்லை. 60 என்று போட்ட கெசட்டில் ஒரு பக்கம் 30 நிமிசம். 90 என்றால் 45. நாலு நிமிசப் பாட்டு என்றால் 60 கெசட்டின் ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு, மிச்சம் இரண்டு நிமிசம். அந்த இரண்டு நிமிசத்துக்கு என்ன போடுவது என்பதுதான் பெரிய பிரச்சினை. நீளப் பாட்டைப் போட்டால் பாதியில் அறுந்துவிடும். விட்டால் வெறும் இரைச்சல். அதனால் கொப்பியில் முதலே பட்டியல் எழுதி, நிமிசத்தைக் கூட்டிப் பார்த்துத்தான் பதிவார்கள். இன்று வகுப்பில் நேரக் கணக்கு படிப்பிக்கும்போது நாங்கள் இந்த உதாரணத்தைச் சொல்வதுண்டு. பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு பாதியில் நிற்கும் என்பதே புதினம்.

பதிவதற்கு இரண்டு வழி. ஒன்று ரெக்கோடிங் பார். பட்டியலை எழுதிக் கொடுத்து, வெறும் கெசட்டும் கொடுத்தால் கடைக்காரர் பதிந்து தருவார். இதில் பாடியவருக்கு ஒரு சதமும் போகவில்லை என்பதும் உண்மைதான். 1981இல் இங்கிலாந்தின் இசைத்தட்டுக் கம்பனிகள் வீட்டில் பதிவது இசையைக் கொல்கிறது என்று பெரிய பிரசாரமே செய்தார்கள். ஆனால் இசைத்தட்டை வாங்க வழியில்லாத ஊருக்கு அந்தப் பாட்டு வேறு எப்படி வந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மற்ற வழி வானொலி. இலங்கை வானொலியின் இங்கிலீஷ் சேவையில் பாட்டுப் போகும்போது ரேடியோவுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காத்திருப்பது. தமிழ் வர்த்தக சேவையில் பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரலையும் அப்படியே பதிந்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். ரேடியோ ஒன்று, ரெக்கோடர் வேறு என்றால் இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து மைக்கில் பதிய வேண்டும். அப்போது வீட்டில் யாரும் இருமக் கூடாது. உம்மா குசினியில் சட்டியை வைக்கக் கூடாது. கோழி கூவக் கூடாது. ஆனால் எல்லாம் நடக்கும். பொனி எம் பாட்டுக்கு நடுவே மஃரிப் பாங்கும் கேட்கும், ‘டேய், அதை நிப்பாட்டுடா’ என்ற வாப்பாவின் குரலும் கேட்கும். அதோடு பதிவு முடியும்.

பதிந்தது அழியாமல் இருக்க கெசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் துண்டுகளை உடைத்துவிட வேண்டும். உடைத்தால் அதில் திரும்பப் பதிய முடியாது. மனம் மாறினால் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் சரி. டேப் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது. பெட்டரி இறங்கினால் வெயிலில் காய வைப்பது. இப்படி ஒரு தலைமுறைக்கே தெரிந்த கைவேலை அது.

ஒரு விசயம் கவனியுங்கள். ஒரே கெசட்டில் ஏ பக்கம் பொனி எம், பி பக்கம் நாகூர் ஹனீபா. இது அந்தக் காலத்து ஆட்களுக்கு முரணாகத் தெரியவில்லை. பாட்டுக் கேட்பது கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவுக்குள் நாங்கள் போகவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு காலம் இருந்தது என்பதை மட்டும் பதிகிறோம். கெசட்டில் பயான் வந்தது, கிராஅத் வந்தது, வெளிநாட்டில் இருந்து கடிதத்துக்குப் பதிலாகக் குரலும் வந்தது. கேரளத்து மாப்பிளா முஸ்லிம்களிடம் இது பெரிய வழக்கமாகவே இருந்தது. எழுத வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கு மகனுடைய குரல் வீட்டுக்கு வந்தது சின்ன விசயமா?

இப்போது பொனி எம்மின் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்’. 1978இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த பாட்டு. உண்மையில் அது அவர்களுடைய பாட்டு இல்லை. ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970இல் பாடியது. அதற்கும் முந்திய மூலம், நம்மட கத்தோலிக்கச் சகோதரர்கள் கோயிலில் வாசிக்கும் 137ஆம் திருப்பாடல். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோன் அரசன் ஜெருசலேமை அழித்து, அந்த மக்களைப் பிடித்துக்கொண்டு போனான். ஊரை இழந்தவர்கள் அந்நிய ஆற்றங்கரையில் இருந்து ஊரை நினைத்து அழுவதுதான் அதன் பொருள். தாவூத் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களையும் ஸபூரையும் அறிந்த நமக்கு இந்தக் கதை தூரமானது இல்லை. அடிமைகளாக ஆபிரிக்காவில் இருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தங்கள் கதையாக எடுத்துப் பாடினார்கள்.

மன்னாரில் அதற்குக் கால் ஆட்டிய பொடியன்மாருக்கு இந்த அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் அந்த அவசியம் வந்தது. சில நாட்களுக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், முசலி, விடத்தல்தீவு என்று எல்லா ஊரும் வெறுமையானது. வடக்கில் இருந்து மொத்தம் சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவு ஆட்கள் பலர் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். உடுபுடவையும் சொற்பக் காசும்தான் கையில். நகை போனது, ஆடு மாடு போனது, தோணி போனது, காணி உறுதி போனது. ரேடியோவும் கெசட்டும் கணக்கிலேயே வரவில்லை. பசிக்கும்போது யார் அதைக் கேட்பார்கள்?

வேறு ஒரு கரையில் இருந்து ஊரை நினைத்து அழுவது என்ன என்று தில்லையடி, ஆலங்குடா, நாகவில்லு கிடுகுக் கொட்டில்களில் நம்மட பெற்றோர் அறிந்தார்கள். நாங்கள் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெட்டரி கிடைக்காமல், நம்மட பழைய தமிழ்ச் சிநேகிதர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். ஒரே பாட்டைப் பதிந்து மாற்றிக்கொண்ட கூட்டாளிமார் இரண்டு கரையில் இரண்டு விதமாக இருந்தார்கள்.

இன்று நிலைமை என்ன? யுத்தம் 2009இல் முடிந்தது. 2010இல் புதுப் பாலம் திறந்தார்கள். 2015இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது. ஆட்களும் ஓரளவு திரும்பினார்கள். ஆனால் ‘நீங்கள் புத்தளமா, மன்னாரா?’ என்ற கேள்வி இன்னும் நம்மைத் துரத்துகிறது. வாக்காளர் பதிவில் கேட்கிறார்கள், காணி விசயத்தில் கேட்கிறார்கள். 90க்கு முதல் நாம் இங்கே எப்படி வாழ்ந்தோம் என்று காட்டப் போட்டோவும் இல்லை, கடிதமும் இல்லை என்று எத்தனை குடும்பங்கள் சொல்கின்றன.

அதனால்தான் கெசட்டைப் பற்றி எழுதுகிறோம். பொனி எம் பாட்டு யூடியூப்பில் இருக்கிறது, அது அழியாது. அந்தப் பாட்டுக்கு நடுவே விழுந்த நம்மட பள்ளிவாசல் பாங்கும், மௌத்தாகிப் போன வாப்பாவின் அதட்டலும் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அது 1985இன் மன்னார். அன்று பிழை என்று நினைத்த இரைச்சல்தான் இன்று ஆதாரம்.

வெளியேறும்போது சட்டைப் பையில் ஒன்று வந்திருக்கலாம். அதற்கு முதலே கொழும்பிலோ சவூதியிலோ உள்ள சொந்தக்காரரிடம் ஒன்று போயிருக்கலாம். தமிழ்ச் சிநேகிதர் வீட்டு அலுமாரியில் ஒன்று பத்திரமாக இருக்கலாம். தேடிப் பாருங்கள். கிடைத்தால் உடனே போட்டு ஓடவிட வேண்டாம். கடல் காற்றில் டேப்பில் பூஞ்சணம் பிடித்திருக்கும், பழைய பிளேயர் அதைத் தின்றுவிடும். ஈரமில்லாத இடத்தில், ஸ்பீக்கரின் காந்தத்துக்குத் தூரமாக வையுங்கள். துப்புரவாக்கிய பிளேயரின் இயர்போன் ஓட்டையில் இருந்து ஒரு வயரால் கம்பியூட்டருக்கு எடுத்து, ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். முழுவதையும் பதியுங்கள். இரைச்சலை வெட்ட வேண்டாம். யார் பதிந்தது, எந்த ஊர், எந்த வருசம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

உங்களிடம் கெசட் இல்லாவிட்டாலும் பட்டியல் ஞாபகம் இருக்கும். ஏ பக்கத்தில் என்ன பாட்டு, பி பக்கத்தில் என்ன, யாரிடம் பதிந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நாங்கள் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு தொகுத்து வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அதை வாசிக்கும் பிள்ளைக்குத் தன் அப்பா எந்தத் திண்ணையில் இருந்து பாட்டுக் கேட்டார் என்றாவது தெரியட்டும்.

வஸ்ஸலாம்.