எரிந்த ஊரின் வீட்டு எண்

பெல்ஜியத்தில் உள்ள லூவென் நகரை 1914 ஆகஸ்டு 25 அன்று ஜெர்மன் படை கொளுத்தத் தொடங்கியது. பல்கலைக்கழக நூலகம் ஏடுகளோடு சாம்பலானது. இங்கிலாந்தில் எல்லோர் வாயிலும் அந்த ஊர்ப் பெயர்தான். அந்தப் பேச்சிலிருந்தே ஒரு கணக்குப் புதிரும் பிறந்தது.

அதை உருவாக்கிய ஹென்றி எர்னஸ்ட் டூட்னி 13 வயதில் குமாஸ்தா வேலைக்குப் போனவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் வெளியான ‘ஸ்ட்ரேண்ட்’ இதழில் மாதாமாதம் புதிர் எழுதிவந்தார். 1914 டிசம்பர் இதழில் ஒரு கிராமத்து மதுக்கடையில் சிலரைக் கூடிப் பேசவைத்தார். அவர்களில் ஒருவர், தான் கேள்விப்பட்ட லூவென் வீடு ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். நீளமான தெரு. அந்த வீடு இருக்கும் பக்கத்தில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். அந்த வீட்டுக்கு இந்தப் புறம் உள்ள எண்களைக் கூட்டினாலும், அந்தப் புறம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை. ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அப்படியானால் அது எத்தனையாவது வீடு?

அந்த இதழ் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் கையில் கிடைத்தது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான். எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடையைப் பிடித்துவிட்டார். பிறகு ராமானுஜன் அறையில் அதைப் படித்துக் காட்டினார். சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, அந்த ஆண்டு மார்ச் 17 அன்று கப்பலேறிய ராமானுஜன், அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்தார். கிளறியபடியே, எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒன்றை, சொன்னார். அதில் இந்தத் தெருவுக்கான விடை மட்டும் இல்லை. எத்தனை வீடுள்ள தெருவானாலும், விடை உண்டென்றால் அதில் வந்துவிடும்.

இந்தக் கணக்கைச் சிறு தெருவில் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. எட்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது வீட்டுக்கு முன்னால் 1 முதல் 5 வரை: 15. பின்னால் 7, 8: அதுவும் 15. மொத்தம் 36, அதாவது 6 × 6. தெருவின் எல்லா எண்களையும் கூட்டினால் நம் வீட்டு எண்ணின் வர்க்கம் வரவேண்டும் என்பதே சூட்சுமம். அடுத்து 49 வீட்டுத் தெருவில் 35. அதற்கும் அடுத்தது 288இல் 204. டூட்னி கேட்ட விடை இதுதான். எல்லையை எடுத்துவிட்டால் 1681இல் 1189 என்று முடிவில்லாமல் போகும்.

எங்கள் மீஞ்சூர்ப் பிள்ளைகளுக்கு இதை நான் வேகன் கணக்காகச் சொல்வேன். கும்மிடிப்பூண்டி லைனில் சரக்கு ரயில் போனால் நடைமேடையில் நிற்கும் பிள்ளைகள் வேகன் எண்ணாமல் விடமாட்டார்கள். 49 வேகன் கொண்ட வண்டியில் எந்த வேகனில் நின்றால் இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை சமம் என்று கேட்டால் போதும், சூத்திரம் என்ற பேச்சே இல்லாமல் கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நடு வேகன் 25 என்று முதலில் ஒரு குரல் வரும். பின்னால் இருப்பவை பெரிய எண்களாயிற்றே என்று இன்னொரு பிள்ளை மறுக்கும். அந்த மறுப்பில்தான் கணக்கு தொடங்குகிறது. பாடநூல்களிலும் கேள்வி இப்படித்தான் வரவேண்டும் என்பேன்.

ராமானுஜன் சொன்ன தொடர் பின்னம் இரண்டின் வர்க்கமூலத்தோடு ஒட்டிய உறவுள்ளது. அந்த வர்க்கமூலத்தை நெருங்கும் பின்னங்களில் 17/12, 99/70, 577/408 ஆகியவை ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். கீழ் எண்ணைப் பாதியாக்கினால் வீட்டு எண்: 6, 35, 204. மேல் எண்ணில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் தெருவில் உள்ள வீடுகள்: 8, 49, 288. சதுரத்தின் பக்கத்தை இதே வர்க்கமூலத்தால் பெருக்கினால் மூலைவிட்டம் வரும். வேள்விக்குச் செங்கல் அடுக்கும் முறை சொல்லும் பௌதாயன சுல்ப சூத்திரம், சதுரத்தின் மூலைவிட்டத்தை அளக்க ஒரு விதி தருகிறது. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கையும், அந்தப் பங்கில் நாலில் ஒன்றையும் கூட்டி, கடைசியாகச் சேர்த்ததில் 34இல் ஒரு பங்கைக் கழிக்கவேண்டும். கழித்துப் பார்த்தால் வருவது அதே 577/408.