உறுமியின் குரலும் ஒலிநாடாவின் ஓட்டமும்

இசைக்குக் கண்கள் இரண்டு. ஒன்று சுருதி, மற்றொன்று காலம். குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகவும், நடையை முதல்நடை, வாரம், கூடை, திரள் என நான்காகவும் வகுத்துப் பெயரிட்டது பழந்தமிழ் இசை மரபு. சுருதி வேறு, காலம் வேறு என்னும் தெளிவு அப்பாகுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இத்தெளிவு ஏட்டில் அன்று, தோற்கருவியில் வாழ்ந்தது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோன்னியே 1917ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கிய தென்னமரத்திலும், ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களிலும் தமிழர் உழைத்தனர். மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் எழுப்பிய அம்மக்கள் உறுமியையும் தப்பையும் மறந்தாரில்லை. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். அழுத்தம் மாற மாற ஒலி ஏறியும் இறங்கியும் முனகும். மறுமுகத்தில் விழும் அடியோ காலம் பிசகாது. தப்பைத் தீயில் காட்டினால் தோல் இறுகிச் சுருதி உயரும். அதனால் அடிப்பவர் கை விரைவதில்லை.

இயந்திரம் வந்த பின்னரே இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணிக்கப்பட்டன. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். அதன் வழிவந்த இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. கிராமபோனின் விசை தளர்ந்தால் பாடகர் குரல் கம்மியது, பாட்டும் நீண்டது. சுழற்சி 6 விழுக்காடு மிகுந்தால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் ஏறும். பாட்டும் அதே அளவில் விரையும்.

இப்பிணிப்பை அவிழ்க்கும் வழியை 1946இல் டென்னிஸ் கபோர் ஆராய்ந்தார். ஒலியை நுண்துணுக்குகளாகக் காண்பது அவர் கண்ட நெறி. 1966இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளானகனும் கோல்டனும் கணித முறையால் வேறொரு வழி வகுத்தனர். பின்னர் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் போர்ஸ்மாவும் வீனிங்கும் உருவாக்கிய 'பிராட்' என்னும் கணினி நிரல், தனிக்குரலின் சுருதியை நொடிக்கு நொடி புள்ளிகளாகக் காட்டுகிறது. புள்ளியை உயர்த்தினால் குரலின் அதிர்வுத் துணுக்குகள் நெருக்கமாக அடுக்கப்படும். குறையும் இடத்தைச் சில துணுக்குகள் மீண்டும் வந்து நிரப்பும். ஆதலின் பாட்டின் நீளம் மாறுவதில்லை.

இதனால் தோட்ட மக்களுக்கு ஆகும் பயன் யாது? சுருதிப்பெட்டி இன்றித் தாலாட்டுப் பாடும் மூதாட்டி ஒருவர் 220 அதிர்வில் தொடங்கி, மூன்று நிமிடத்தில் 233க்கு ஏறிவிடுகிறார் எனக் கொள்வோம். ஆர்மோனியத்துடன் அதைக் கற்கும் மாணவர்க்கு முடிவில் அரைச்சுரம் முரணும். புள்ளி ஒவ்வொன்றையும் 1இல் தொடங்கிப் படிப்படியாக 0.944 வரை குறையும் எண்ணால் பெருக்குமாறு சில கட்டளை வரிகளை எழுதினால் முரண் தீரும். தாலாட்டின் அசைவு குலையாது. கையால் திருத்தினால் எங்கு எவ்வளவு மாற்றினோம் என்பது மறந்துபோம். கட்டளை வரிகளோ மாற்றத்திற்குச் சான்றாக நிற்கும்.

ஆயினும் எல்லாப் பதிவுக்கும் இம்மருந்து ஆகாது. மின்கலம் தளர்ந்த கருவியில் பதிவான ஒலிநாடாவை வேறு கருவியில் இட்டால் சுருதியும் காலமும் ஒருங்கே பிறழ்ந்திருக்கும். அங்கு ஓட்டத்தையே திருத்தல் வேண்டும். சுருதியை மட்டும் மாற்றுவது பிழைமேற் பிழையாகும். ஒப்பாரியிலோ குரல் ஏறுவது பிழையன்று. துயரம் முற்றுவதன் அடையாளம். அதைச் சமன்செய்வது அழுதவளின் கண்ணீரைத் துடைப்பதாகாது. அவள் அழுதாள் என்னும் வரலாற்றையே துடைப்பதாகும்.

ரப்பர் மறைந்து செம்பனை பரவியது. லயன்கள் இடிந்தன, மக்கள் பட்டணம் புகுந்தனர். பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயரும் 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாறிற்று. எஞ்சியிருப்பவை பழைய பேழைகளில் பூசணம் பூத்த ஒலிநாடாக்களே. மூலப்பதிவை மாற்றாமல் காத்து, திருத்திய படியைத் தனியே வைப்பதே முறை. உறுமி அடித்தவர் எதை ஏற்றுவது, எதை அசையாது காப்பது என அறிந்திருந்தார். கணினியின் முன் அமர்பவர்க்கும் அவ்வறிவே முதல் தேவை.